பழம் வருவதற்கு முன்

நேப்பிள்ஸ்
ஜூலை 9

அன்புள்ள அனியெல்லோ அண்ணனுக்கு,

தங்கை தித்தினா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அந்த ஜெர்மனி ஊரில் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் மாதாவின் முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே, நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். படிக்கத் தெரியாதே தவிர, வரி நீளமாக இருந்தால் சந்தோஷப்படுகிறாள். அதனால் முதலில் அவள் சொன்னதை எழுதிவிடுகிறேன். கோடைதானே என்று கம்பளி உள்சட்டையைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாதே. தொழிற்சாலை உலைக்குப் பக்கத்தில் வேலை செய்த வியர்வையோடு வெளியே வந்து நிற்காதே. சாப்பாட்டில் எண்ணெய்க்குப் பதிலாக ஏதோ கொழுப்பை ஊற்றுகிறார்களாமே, உண்மையா?

அப்பாவும் நலம்.

கடையில் நல்ல வியாபாரம். வெயில் இந்த வருஷம் சந்துக்குள் காலை எட்டு மணிக்கே வந்துவிடுகிறது. ஐஸ்காரன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வருகிறான். நான் வழக்கம்போல் கல்லாவுக்குப் பின்னால் கோப்பை கழுவுகிறேன், எண்ணெய் அளந்து கொடுக்கிறேன். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் காது சிவந்துபோகிறது. எனக்கு நேரில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினபோது டீச்சர்கூட, "இந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு வந்துச்சா, இல்லையா?" என்று கேட்டாளாம். ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது உனக்குத் தெரிந்திருக்காது.

வருஷா வருஷம் கோடை ஆரம்பத்தில் அப்பா ஐந்தாறு மலிவான ஒயின்களைக் கொண்டுவந்து வைப்பார். சந்தில் இருப்பவர்கள் எல்லோரும் ருசி பார்ப்பார்கள். ஒவ்வொரு கோப்பையிலும் மஞ்சள் பீச் பழத்துண்டு இரண்டு ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும். எது பழத்தோடு சேருகிறதோ அதுதான் அந்தக் கோடை முழுக்க நம் கடையின் பீச் ஒயின். இந்த வருஷம் மே மாதத்து ஆலங்கட்டி மழையில் முதல் காய் எல்லாம் உதிர்ந்துபோய், பழம் வரவில்லை. நீ எவ்வளவு சொன்னாய்! "பழம் வரட்டும்பா, ஒரு வாரம் பொறுங்க" என்றாய். தெற்கே புலியாவிலிருந்து ஒயின் கொண்டுவந்த வண்டிக்காரன் ஆர்டர் கேட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். அப்பா, "நல்ல ஒயினுக்கு எதுக்குடா பழம் துணைக்கு? தனியா நடக்கத் தெரியாதா அதுக்கு?" என்று சொல்லி ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

ஐந்து ஜாடி இருந்தது. நான்கு வெளியூர், ஒன்று உன்னுடையது. கமால்தொலி குன்றில் பிரிஸ்கோ மாமாவின் திராட்சைத் தோட்டத்து அடுக்குத் தளங்களில் நீயே குலை வெட்டி, நீயே மிதித்து, முதல் முதலாகச் செய்தது. துணி தேய்க்கும் பிரிஜிதா அத்தை ஒவ்வொரு ஜாடியிலும் இரண்டு கோப்பை வாங்கினாள். "முதல் கோப்பை நாக்குக்கு, ரெண்டாவது தீர்ப்புக்கு" என்றாள். கையுறை வெட்டும் சிச்சில்லோ மாமா, "உன் தீர்ப்பைக் கேக்கறதுக்குள்ள ஜாடி காலியாயிடும்" என்றார். புலியா ஒயின் மை மாதிரி கறுப்பாக, கெட்டியாக இருந்தது. எல்லோருக்கும் பிடித்தது. லிட்டர் தொண்ணூறு லிரா என்றதும் இன்னும் பிடித்தது.

கடைசியாக உன்னுடையது. அப்பா ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்தார். "யாராவது வீட்டுல கீரை நறுக்கி வச்சிருக்கீங்களா? மேல ஊத்த வினிகர் வந்திருக்கு" என்றார். சந்தே சிரித்தது. சிச்சில்லோ மாமா, "எனக்கொரு லிட்டர் குடுடா அனியெல்லோ, தோல் ஊறவைக்க வேணும்" என்றார். நான் சிரிக்கவில்லை. அது மட்டும் போதாது என்று இப்போது தெரிகிறது.

நீ தக்கையை எடுத்து ஜாடியின் வாயில் மெதுவாக அழுத்தினாய். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாய். ஜெர்மனி வேலைக்கான தாள் ஒரு மாதமாக உன் சட்டைப்பையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது எனக்குத் தெரியும். நீ பார்க்காதது இதுதான்: நீ போனபின் அப்பா இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றைக் கையில் நீட்டிக்கொண்டு, "எங்க இவன்?" என்று திரும்பினார். சிரித்தாயிற்று, முடிந்தது என்று நினைத்துவிட்டார் அவர். அந்தக் கோப்பையைக் கல்லா மேல் வைத்தார். சாயங்காலம் நான்தான் கழுவினேன், யாரும் தொடாமல் நிறைந்தே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை உன் ரயில். திங்கட்கிழமை பழம் வந்தது.

அன்று அம்மா வீட்டுக்கென்று ஒரு கிலோ வாங்கினாள். கடை ஒயினை எடுத்தால் அப்பா முணுமுணுப்பார் என்று, வினிகருக்காகக் கல்லாவுக்கு அடியில் ஒதுக்கிவைத்திருந்த உன் ஜாடியிலிருந்து ஒரு கூஜா எடுத்து, பழத்தை நறுக்கிப் போட்டு, ஐஸ் வாளியில் இறக்கிவைத்தாள். மத்தியானம் பிரிஜிதா அத்தை சட்டைகளைக் கொடுக்க வந்தாள். கேட்காமலே ஊற்றிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு, "இது எந்த ஊருடி?" என்றாள். அம்மா, "எங்க வீட்டு ஊரு" என்றாள். அத்தை பழத்துண்டைக் கடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள், வாசலுக்குப் போய் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, "ஏய், எல்லாரும் கூஜாவோட இறங்குங்கடி!" என்று கத்தினாள்.

அப்பா துறைமுகத்திலிருந்து திரும்பியபோது வாசலில் வரிசை நின்றது. அவர் கூடையைக்கூட இறக்கிவைக்கவில்லை. "பழத்தோட ருசிடி அது. தண்ணியில போட்டாலும் இனிக்கும்" என்றார். பிரிஜிதா அத்தை விடுவாளா? அப்பாவைப் பெயர் சொல்லியே, "அப்போ உன் புலியாவுல போட்டா மட்டும் ஏன் சபாதோ, வேகவச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு?" என்றாள்.

உன் புளிப்பும் பழத்தின் இனிப்பும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்திருக்கின்றன, அண்ணா. அதைத்தான் நீ பொறுக்கச் சொல்லியிருக்கிறாய்.

அப்பா இன்னும் பழத்தோடு அதைக் குடிக்கவில்லை. விற்கிறார், ஆனால் குடிக்கவில்லை. அம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். பதில் எழுது.

உன் அன்புத் தங்கை,
தித்தினா


நேப்பிள்ஸ்
ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணா,

வணக்கம். உன் படம் போட்ட தபாலட்டை வந்து சேர்ந்தது. நீ நலம் என்றும், அறையில் ஆறு பேர் என்றும், அதில் ஒருவன் நம் பக்கத்து சலேர்னோக்காரன் என்றும் எழுதியிருந்தாய். அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. "அப்போ யாராவது ஒருத்தனாவது காப்பி போடத் தெரிஞ்சவன் இருக்கான்" என்றாள்.

நான் எழுதியதற்கு நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அட்டையில் அம்மா பெயரும் என் பெயரும் இருந்தன. அப்பா அதை வாங்கிப் படித்தார். பின்பக்கம் திருப்பினார், புகைபோக்கிப் படத்தைப் பார்த்தார். மறுபடி திருப்பினார். "இந்த ஊர்ல ஆகாசமே இல்ல போலிருக்கு" என்று சொல்லிக் கல்லாவுக்கு மேலே, அந்தோனியார் படத்தின் ஓரத்தில் செருகிவைத்தார். எண்ணெய் வாங்க வருபவர்களிடம் எல்லாம், "என் பையன் இருக்கிற ஊரு" என்று காட்டுகிறார்.

உன் ஒயின் முடியப்போகிறது. குன்றில் மாமாவின் கொட்டகையில் இருந்த ஜாடிகளை வாரத்துக்கு ஒன்றாக இறக்கினோம். சனிக்கிழமைதான் திறப்பது என்று அம்மா கட்டுப்பாடு வைத்தாள். இல்லாவிட்டால் ஜூலையிலேயே தீர்ந்திருக்கும். புலியா ஒயின் அப்படியே நிற்கிறது. தொண்ணூறிலிருந்து எழுபதுக்கு இறக்கியும் ஆள் இல்லை. குளிர்காலத்துக்கு ஆகும் என்கிறார் அப்பா.

முந்தாநாள் மாதா திருநாளுக்குச் சந்து முழுக்க மேஜை போட்டோம். வெளிச் சந்துகளிலிருந்தும் ஆள் வந்தார்கள். கடற்கரைப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் குடித்துப் பார்த்துவிட்டு, "யார் பண்ணினது இது?" என்று சத்தமாகக் கேட்டார். அப்பா கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அம்மா உள்ளே கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் என் பக்கம் பார்த்தார்கள். எப்படி வந்தது என்று தெரியவில்லை, "எங்க அண்ணன் பண்ணினது" என்று சொல்லிவிட்டேன். என் குரல் வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. சிச்சில்லோ மாமா, "பார்றா, இதுக்கு வாய் இருக்கு!" என்றார். அந்த ஆள் அடுத்த கோடைக்கு இருபது ஜாடி வேண்டும், உன்னைப் பார்க்க வேண்டும் என்றார். "அவன் ஊர்ல இல்ல" என்று அப்பா சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தார்.

எல்லோரும் போனபின் மேஜைகளை மடக்கிவிட்டு உள்ளே வந்தேன். அப்பா சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். கூஜாவின் அடியில் தங்கியிருந்த பழத்துண்டுகளை முள்கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டார். பிறகு கூஜாவைத் தூக்கி மீதி ஒயினைக் குடித்தார். என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "பழம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். நீ போன மூன்றாம் நாள் என்றேன். "மூணு நாள்" என்றார். கூஜாவை அவரே கழுவிக் கவிழ்த்தார்.

இனி எழுதப்போவது அம்மா எழுத வேண்டாம் என்று சொன்னது. "பிள்ளை தூரத்துல இருக்கான், அவன் தலையில இதையும் ஏத்தாதே" என்றாள். ஆனால் உனக்குத் தெரியாமல் நடந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

போன வாரம் பிரிஸ்கோ மாமா வந்தார். குன்றில் வீடு கட்டுகிறவர்கள் கீழ்த்தளத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்களாம். மேல் தளம் இரண்டையும் கேட்கிறார்களாம். மாமா கெட்டவர் இல்லை. "அனியெல்லோ இருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். கொடிக்கு ஆள் இல்லைன்னா நான் என்ன பண்ண? அடுத்த மாசம் ஜென்னாரோ திருநாளுக்குள்ள சொல்லுங்க" என்றார். அப்பா மறுநாள் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு எங்கோ போனார். செருப்பு முழுக்கக் குன்றின் மண்ணோடு திரும்பினார். சாவு வீட்டுக்குப் போனாலும் பளபளவென்று பாலிஷ் போடுகிறவர், அதைத் துடைக்காமலே கடையில் உட்கார்ந்தார்.

திராட்சை நன்றாகப் பிடித்திருக்கிறதாம். காம்பெல்லாம் புறாக்கால் மாதிரி சிவந்துவிட்டதாம். அறுப்புக்கு ஒரு மாதம்தான் இருக்கும். உன்னால் வர முடியுமா? ஒரு வாரத்துக்காவது? அப்பா கேட்கச் சொல்லவில்லை. நான் கேட்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
தித்தினா


நேப்பிள்ஸ்
செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணா,

வணக்கம். உன் கடிதம் ஜென்னாரோ திருநாளுக்கு முதல் நாள் வந்தது. ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றும், நடுவில் விட்டால் வேலையும் போய், தாளும் போய்விடும் என்றும் எழுதியிருந்தாய். "இனி ஒயினைப் பற்றி எனக்கு எழுதாதே தித்தினா, இங்கே ராத்திரி தூக்கம் வருவதில்லை" என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியை அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. ஆனால் கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு ஐஸ் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மடிப்பு மாறியிருந்தது, அம்மாவுக்கோ படிக்கத் தெரியாது.

மன்னித்துக்கொள். மறுபடியும் ஒயினைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த ஒரு தடவை மட்டும்.

கீழ்த்தளம் போய்விட்டது. கொடிகளைப் பிடுங்கி ஓரமாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். நீ மத்தியானச் சாப்பாட்டுப் பையை மாட்டிவைப்பாயே, அந்த அத்திமரமும் இல்லை. உனக்குப் பிறர் சொல்லித் தெரிவதைவிட நான் சொல்வது நல்லது என்று எழுதுகிறேன்.

மேல் தளம் இரண்டும் இருக்கின்றன. திருநாளன்று பூசை முடிந்து கோயில் வாசலிலேயே அப்பா மாமாவைப் பிடித்துக்கொண்டார். "மேல ரெண்டும் எங்களுக்கு வேணும்" என்றார். மாமா, "எங்களுக்குன்னா யாருக்கு? உனக்கு முட்டி மடங்காது, அவனும் இங்க இல்ல" என்றார். அப்பா, "எங்களுக்கு" என்று மறுபடியும் சொன்னார். மாமா அம்மாவைப் பார்த்தார், அம்மா வானத்தைப் பார்த்தாள். பிறகு மாமா சரி என்றார்.

போன செவ்வாய், புதன் இரண்டு நாளும் அறுத்தோம். அப்பா, நான், சிச்சில்லோ மாமா, பிரிஜிதா அத்தை. முப்பது வருஷம் ஒயின் விற்ற அப்பா கொடியிலிருந்து ஒரு குலையும் அறுத்ததில்லை என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. இடது கையில் மூன்று விரலில் வெட்டு. "சபாதோ, கத்திரி திராட்சைக்குத்தான், உன் விரலுக்கு இல்ல" என்றாள் அத்தை. அவர் சண்டைக்கே போகவில்லை. அதைப் பார்த்து அத்தைக்கே என்னவோ போலாகிவிட்டது. தன் தலைத்துணியைக் கிழித்து அவர் விரலில் கட்டிவிட்டாள். சிச்சில்லோ மாமா பெரிய குலையாகப் பார்த்து அறுத்துக்கொண்டே, "அந்தத் தோல் ஊறவைக்கிற பேச்சை நான் பேசியிருக்கக் கூடாது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

திராட்சையை மிதித்து, கொட்டகையில் உன் மரத்தொட்டியில் போட்டு மூடினோம். அதன் பிறகுதான் கஷ்டம். அப்பாவுக்கு மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்தது தாத்தா காலத்து முறை, அது உன் முறை இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒன்று சொல்கிறார், புலியா வண்டிக்காரன் ஒன்று சொல்கிறான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அவன் அப்படிப் பண்ணியிருக்க மாட்டான்" என்கிறார்.

இன்று காலை கடை திறப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். காகிதத்தையும் பென்சிலையும் அவரே எடுத்துவைத்தார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அனியெல்லோவுக்கு அப்பா சொல்றது. திராட்சையைக் காம்போட போட்டியா, காம்பை எடுத்துட்டுப் போட்டியா? பிழியறதுக்கு முன்னாடி தோலோட எத்தனை நாள் விட்டே? எனக்குத் தெரியல. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை நான் ஒரு வாரம் பொறுத்திருக்கணும்."

இவ்வளவும் சொல்லிவிட்டு, எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தேன். கடைசி வாக்கியத்தை அடித்துவிடச் சொன்னார். "அவனுக்கு வேலை இருக்கும், சுருக்கமா இருந்தாப் போதும்" என்றார். அடித்துவிட்டேன். ஒரே ஒரு கோடுதான், அதுவும் லேசாகப் போட்டிருக்கிறேன். உன்னால் படிக்க முடியும்.

அப்பா காலையிலும் சாயங்காலமும் குன்றுக்கு ஏறுகிறார். தொட்டியின் மேல் காதை வைத்துக் கேட்கிறார். உள்ளே சாறு நுரைத்துக் கொதிக்கிற சத்தம் இன்னும் வருகிறதாம், ஆனால் முதல் நாள் மாதிரி இல்லையாம். இந்தக் கடிதம் உன்னிடம் வர ஐந்தாறு நாள் ஆகும், உன் பதில் திரும்ப அத்தனை நாள் ஆகும், அதுவரை திராட்சை காத்திருக்காது என்று அவரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா?" என்றார். பிழிந்துவிடலாமா என்று கேட்டதற்கு, "அவன் சொல்லட்டும்" என்றார். அம்மா, "கெட்டுப்போயிடும்யா" என்றாள். "போன தடவை நான் அவசரப்பட்டேன். இந்தத் தடவை இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அண்ணா, ஒரு தந்தி அடி. நீளமாக வேண்டாம். காம்போடா, காம்பில்லாமலா, எத்தனை நாள், அவ்வளவு போதும். என் பெயருக்கு வேண்டாம், அம்மா பெயருக்கும் வேண்டாம். அப்பா பெயருக்கு அனுப்பு. தந்திக்காரன் சந்தில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.

பிந்தி வந்தாலும் பரவாயில்லை, அனுப்பு. இந்த வருஷத்து ஒயின் வீணாகிப்போனாலும், அவர் அந்தத் தாளை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வார். அந்தோனியார் படத்தில் இன்னொரு ஓரம் காலியாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
உன் தங்கை தித்தினா